ஒரு கையொப்பம்

கெக்கிராவைக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில், 2017ஆம் ஆண்டு தொடக்கம் நான்கு ஆண்டுகள், ஒரு வயோதிப மாதின் வீட்டிலே நான் வாடகைக்குக் குடியிருந்தேன். சிங்கள மாணவருக்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் நியமனம் எனக்குக் கிடைத்திருந்தது. பல்கலைக்கழகத்திலே சங்க இலக்கியத்தையும் இலக்கண உரைகளையும் கற்று வெளியேறிய ஒருவனுக்கு, "இது மாடு, அது மரம்" என்று பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில் ஆரம்பத்திலே சிறிது மனக்குறை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த மனக்குறை நீங்கியது வகுப்பறையிலன்று; அந்த அம்மையாரின் வீட்டிலேதான்.

முன்னறையில் ஓர் அலுமாரி. அதன் மேல், சட்டமிட்ட படமொன்றில், சீருடை அணிந்த இளைஞன் ஒருவன் சிரிக்காமல் நின்றான். படம் சுவரில் மாட்டப்படவில்லை. மாலை இல்லை, விளக்கு இல்லை. அவன் யார் என்று நான் கேட்கவுமில்லை. கேட்காமலே விளங்கிக்கொண்டேன். ஏனெனில், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலும் அண்ணனின் படம் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. சுவரில் மாட்டினால் மாலை போடவேண்டும். மாலை போட்டால் விளக்கு வைக்கவேண்டும். விளக்கு வைத்தால் ஆள் இல்லையென்றாகிவிடும் என்பது என் தாயாரின் நியாயம். அந்த நியாயத்தைச் சிங்களத்திலும் ஒருத்தி கண்டுபிடித்திருந்தாள் என்பதை அன்று கண்டேன்.

மகனின் கதையை அம்மையார் சிறிது சிறிதாகச் சொன்னார். அவன் இராணுவத்திற் சேர்ந்தபோது வயது இருபது. இரண்டு போகம் குளத்தில் நீரில்லை, தந்தை கடன்பட்டிருந்தார், கெக்கிராவைச் சந்தியில் ஆட்சேர்ப்பு விளம்பரம் ஒட்டப்பட்டிருந்தது. இதற்கு மேல் அவன் போருக்குப் போன காரணத்தை ஆராய வேண்டியதில்லை. இந்நாட்டின் போரிலே இரு பக்கத்திலும் நின்று மடிந்தவர்கள் பெரும்பாலும் எவருடைய பிள்ளைகள் என்பதை நாமறிவோம். கொழும்பின் பெருந்தெருக்களில் வாழ்ந்தோர், போர் வேண்டும் என்று எழுதினார்களேயன்றித் தம் பிள்ளைகளை அதற்கு அனுப்பியவர்கள் மிகச் சிலரே.

1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி கிளிநொச்சி மீது விடுதலைப் புலிகள் தாக்குதல் தொடுத்தார்கள். சில நாட்களில் நகரம் அவர்கள் கைப்பட்டது. அந்தச் சமரின் பின், சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் நூற்றுக்கணக்கான சடலங்கள் கையளிக்கப்பட்டன. பலவற்றை இன்னாருடையதென்று அடையாளங் காண முடியவில்லை. அம்மையாரின் மகன் இறந்தோர் பட்டியலிலும் இல்லை. காயமுற்றோர் பட்டியலிலும் இல்லை. மூன்றாவதாக ஒரு பட்டியல் இருந்தது. அதன் பெயர் "கடமையின்போது காணாமற் போனோர்". இரண்டாண்டுகளுக்கு முன் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோதும் இதே பட்டியல் நீண்டது. முப்பதாண்டுப் போரில் காணாமற் போனோருள் தாம் பதிந்துவைத்து இன்னும் விடை காணாதவர்கள் 16,000க்கு மேற்பட்டோர் என்றும், அவர்களுள் 5,100 பேர் வரையிலானோர் படையினரும் பொலிசாரும் என்றும் 2016இல் செஞ்சிலுவைச் சங்கம் கூறிற்று. இந்தப் பதினாறாயிரத்தைப் பற்றி நாம் பேசும்போது அந்த ஐயாயிரத்தை மறந்துவிடுகிறோம். தெற்கிலே அந்த ஐயாயிரத்தைப் பற்றிப் பேசுவோர் மிகுதிப் பதினோராயிரத்தை மறந்துவிடுகிறார்கள்.

மகனுக்கு அப்போது வயது 23. இருபத்தொரு வயதில் மனைவி. ஒன்பது மாதத்தில் ஒரு பெண் குழந்தை.

இங்கேதான் சட்டம் வீட்டுக்குள் நுழைகிறது.

போரில் இறந்த சிப்பாயின் மனைவிக்கு, அவன் உயிரோடிருந்தால் 55 வயதை எட்டும் நாள் வரைக்கும் அவனுடைய சம்பளமும், அதன்பின் ஓய்வூதியமும் உண்டு. இது நல்ல ஏற்பாடுதான். பல நாடுகளில் இதுவும் இல்லை. நம் பழந்தமிழ்க் கல்வெட்டுக்களிலும், போரில் வீழ்ந்தவனின் சுற்றத்தாருக்கு உதிரப்பட்டி என்ற பெயரால் நிலம் விட்ட செய்தி காணப்படுகிறது. ஆனால் உதிரப்பட்டி கொடுக்க உதிரம் சிந்தியவன் யாரென்று தெரிந்திருக்க வேண்டும். நடுகல் நாட்ட ஒரு பெயர் வேண்டும். காணாமற் போனவனுக்கு எந்தக் கல்? காணாமற் போய் ஓராண்டு கடந்தால், இறந்தவராகப் பதிந்து மரண அத்தாட்சிப் பத்திரம் பெறலாம் என்ற தற்காலிகச் சட்டங்கள் தொண்ணூறுகளிலேயே வந்துவிட்டன. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமும் அவ்வகையானதே. தற்காலிகம் என்ற சொல்லை நம் சட்டப் புத்தகங்களில் காணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. அதைவிட நிரந்தரமாக நம்மிடம் வேறெதுவும் இல்லை.

பத்திரத்தைப் பெற மனைவி விண்ணப்பிக்க வேண்டும். தன் கணவன் இறந்துவிட்டான் என்று தான் நம்புவதாக அவளே சத்தியக் கடதாசியில் கையொப்பமிட வேண்டும். அவனைப் போர்முனைக்கு அனுப்பியவர்கள் அவனுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லவேண்டும் என்பதே உலக நியாயம். நடந்ததோ, அவனை அனுப்பாதவள், அங்கே நில்லாதவள், ஒன்றையும் காணாதவள், "அவன் இறந்தான்" என்று அரசாங்கத்துக்குச் சொல்லவேண்டியதாயிற்று.

2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மருமகள் கையொப்பமிட்டாள்.

அன்றைக்கு மாமியார் அவளோடு பேச்சை நிறுத்தினார். ஏழாம் நாள் தானமும் மூன்றாம் மாதத் தானமும் கொடுக்க மருமகளின் வீட்டார் முன்வந்தபோது, "என் மகனுக்கு எவரும் புண்ணியம் அனுப்பத் தேவையில்லை, அவன் வந்து தானே தேடிக்கொள்வான்" என்று தடுத்துவிட்டார். மருமகள் குழந்தையை எடுத்துக்கொண்டு தன் தாய்வீடு போய்ச் சேர்ந்தாள். "அவள் என் மகனைக் காசுக்குக் கொன்றாள், புதா" என்று அம்மையார் என்னிடம் சொன்னார். "புதா" என்றால் மகனே என்று அர்த்தம். நான் பதில் சொல்லவில்லை. மனத்துக்குள் அவர் பக்கமே நின்றேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வாடகைக்கு இருந்த வீட்டின் சோறு அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் என் சொந்த வீட்டில் இருந்தது.

அந்த மருமகளையும் பின்பு சந்திக்க நேர்ந்தது. ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். மகள் பெரியவளாகிவிட்டாள். தன்னைக் கொலைகாரியென்று மாமியார் சொல்வது அவளுக்குத் தெரியும். "அவர் படலையைத் திறந்துகொண்டு வந்தால் முதலிலே ஓடிப்போகிறவள் நான்தானே, சேர்? பால்மா வாங்கக் காசு இருக்கவில்லை. அதற்காகக் கையெழுத்து வைத்தேன். அந்தக் கடதாசியில் எழுதியிருந்ததை நான் ஒருநாளும் நம்பவில்லை" என்றாள். மறுமணம் பற்றி அவளிடம் பேசியவர்களும் உண்டு. கடதாசியின்படி அவள் விதவை. அவள் கணக்கின்படி அல்ல. அந்தச் சிப்பாய்க்கு 55 வயதாகும் ஆண்டு 2030. அதுவரைக்கும் அவன் ஓர் ஏட்டிலே இறந்தவன். மற்றோர் ஏட்டிலே மாதந்தோறும் சம்பளம் பெறுபவன்.

சிப்பாயின் உடலும் உயிரும் எவ்வளவு காலம் அரசுக்குப் பயன்படுமோ அவ்வளவு காலமே அவன் வீரன் என்பதற்கு வேறு சாட்சிகளும் அவ்வூரில் இருந்தனர். கண்ணிவெடியில் ஒரு கால் இழந்த ஒருவர் சந்தியில் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றார். பன்னிரண்டு ஆண்டு சேவை நிறையுமுன் காயமுற்று விலக்கப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். வெடிமருந்துக்கு இந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்குத் தெரியாது. ஓய்வூதியச் சட்டத்துக்குத் தெரியும். 2016ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தங்களுக்கும் முழு ஓய்வூதியம் வேண்டுமென்று கோரி இத்தகையோர் கொழும்புக் கோட்டையிலே ஊன்றுகோல்களோடு போராடியபோது, பொலிசார் அவர்கள்மீது நீர்த்தாரை அடித்துக் கலைத்தார்கள். "போர்வீரர்" என்று பாட்டுப் பாடிய அதே வானொலிகள் அன்று போக்குவரத்து நெரிசலைப் பற்றி அறிவித்தன என்று அவர் சொல்லிச் சிரித்தார்.

ஓடிவந்தவர்கள் கதை வேறு. 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் படையைவிட்டு நீங்குவது குற்றம். அவ்வூரில் அப்படி ஒருவர் இருந்தார். அம்மையாரின் மகனோடு ஒரே நாளில் சேர்ந்தவர். ஒரே படைப்பிரிவில் இருந்தவர். கிளிநொச்சிச் சமருக்குப் பின் விடுமுறையில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. அதன் பின் அவருடைய வாழ்க்கை இருட்டிலேயே நடந்தது. செங்கற் சூளையில் நாட்கூலி. கடவுச்சீட்டு இல்லை, அரசாங்க வேலை இல்லை, பொலிஸ் வாகனத்தின் விளக்கைக் கண்டால் வயல் வரம்பு. போர்க்காலத்திலே பொதுமன்னிப்பு என்றால் மீண்டும் துவக்கை எடு என்று பொருள். போர் முடிந்த பின் வந்த மன்னிப்புக்கள் சட்டபூர்வமாக விலகிச் செல்ல இடமளித்தபோதும், அவர் அதே பயத்தில் ஒதுங்கியிருந்தார். படைக்குக் கொடுக்கவேண்டிய பாக்கிப் பணத்தை எங்கிருந்து கட்டுவது என்ற யோசனையும் அவருக்கு இருந்தது.

அம்மையாரின் மகனைக் கடைசியாகக் கண்டிருக்கக்கூடியவர் அவர் ஒருவரே. ஊரெல்லாம் அதை அறியும். ஆனால் அவர் எந்தச் சத்தியக் கடதாசியிலும் சாட்சி சொல்ல முடியாது. எவ்வாறு அறிவாய் என்று சமாதான நீதவான் கேட்டால், அங்கே நின்றேன் என்று சொல்லவேண்டும். அங்கே நின்றேன் என்றால், பின்பு எங்கே போனாய் என்ற கேள்வி வரும். அம்மையாரின் படலையைக் கடக்க நேரும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை வேகமாக மிதிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இக்கதையை மேலே கொண்டுசெல்ல முடியாது. அண்ணன் தொழில் நிமித்தம் கிளிநொச்சியில் குடியிருந்தார். 2009ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புப் பக்கமாக இருந்த வேளையில், புலிகள் அவரைப் பலவந்தமாகப் பிடித்துச் சென்றார்கள். வீட்டுக்கு ஒருவர் என்பது அன்றைய கட்டளை. மூன்று மாதத்துக்குப் பின், மே மாதத்தில், வட்டுவாகலில் படையினர் நிறுத்திய ஒரு வரிசையிலே அவரைக் கண்டதாக அயலவர் ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். அவரும் துவக்கேந்தச் செய்யப்பட்ட ஒருவரே. ஆனால் அவருக்குச் சேவை இலக்கமில்லை, சம்பள ஏடில்லை, எந்தப் பட்டியலிலும் பெயரில்லை. அம்மையாரின் மகனுக்கு, பெயரளவிலாவது, 1999ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் அமைந்த ரணவிரு சேவா அதிகாரசபை உண்டு. அண்ணனைப் பிடித்துச் சென்றவர்கள் ஒரு துண்டுக் கடதாசியும் கொடுக்கவில்லை. கடைசியாக வரிசையில் நிறுத்தியவர்களும் கொடுக்கவில்லை.

2016ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. காணாமற் போனோர் அலுவலகத்தை அமைக்கும் 14ஆம் இலக்கச் சட்டம் ஒன்று. காணாமற் போனவர் என்பதற்கு அச்சட்டம் கூறும் வரைவிலக்கணத்தில், வடக்குக் கிழக்குப் போரில் மறைந்தவரும், கடமையின்போது காணாமற் போன படையினரும் ஒரே வாசகத்துக்குள் அடங்குகின்றனர். என் அண்ணனும் அம்மையாரின் மகனும் இந்த நாட்டில் ஒன்றாக நிறுத்தப்பட்ட ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். மற்றது, இறந்தார் என்று எழுதாமலே காணப்படாமைச் சான்றிதழ் பெறலாம் என்ற 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். அதைக் கொண்டு காணாமற் போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், பிள்ளைகளின் பொறுப்பை ஏற்கலாம், உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். இந்தச் சான்றிதழ் 1999இல் இருந்திருக்குமாயின் ஒரு மாமியாரும் மருமகளும் பதினெட்டு ஆண்டுகள் பேசாமல் இருந்திருக்க மாட்டார்கள் என்று அப்போது எண்ணினேன். சட்டத்தின்மேல் எனக்கிருந்த அந்த நம்பிக்கை அடுத்த ஆண்டே சோதனைக்குள்ளாயிற்று.

அண்ணிக்கு யாழ்ப்பாணத்தில் நாலு பரப்புச் சீதனக் காணி உண்டு. அதில் இரண்டு பரப்பை விற்று ஓர் அறையாவது கட்டவேண்டும் என்று 2019இல் அவர் முனைந்தார். தேசவழமையின் கீழ் வரும் மனைவி, தன் சொந்தச் சீதன நிலத்தைத்தானும் கணவனின் எழுத்துமூலமான சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் அப்படி. நொத்தாரிசு வீட்டில், "கணவர் வந்து கையெழுத்து வைக்கவேணும்" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். கணவன் இருக்கும் இடம் தெரியாவிடில் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து அச்சம்மதத்துக்கு விலக்குப் பெறலாம் என்றும் அதே கட்டளைச்சட்டம் சொல்கிறது. அதற்குத் துணையாகக் காணப்படாமைச் சான்றிதழையும் எடுத்துக்கொள்வோம் என்று சட்டத்தரணி ஆலோசனை கூறினார்.

என் தாயார் மறுத்துவிட்டார். மரணப் பத்திரமன்று, காணப்படாமைச் சான்றிதழே என்று நான் எத்தனை விதமாக விளக்கியும் பயனில்லை. "காணேல்லை எண்டு நாங்களே எழுதிக் குடுத்தால், அவங்கள் தேடுறதை விட்டிடுவாங்கள்" என்றார். தேடுகிறார்களா, அம்மா, என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணியைப் பார்த்து, "உனக்குக் காணிதான் பெரிசு" என்று ஒரு வார்த்தை சொன்னார். பத்து வருடம் ஒரே கூரையின் கீழிருந்த இருவர் அன்று வெவ்வேறு அடுப்பு மூட்டினார்கள். கெக்கிராவையில் நான் மனத்துக்குள் எந்தப் பக்கம் நின்றேன் என்பது அப்போதுதான் என்னை உறுத்தியது. அண்ணியை அழைத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு நானே போனேன். சாட்சியாகவும் நானே கையொப்பமிட்டேன். தாயார் என்னோடு நான்கு மாதம் பேசவில்லை.

விடுமுறை முடிந்து திரும்பியபோது, இதை அம்மையாரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "உன் அண்ணியின் பிள்ளைக்கு எத்தனை வயது?" என்று மட்டும் கேட்டார். அடுத்த போயா தினத்தன்று அவர் வெள்ளைச் சேலை உடுத்து, விகாரைக்குப் போகும் வழியில், மருமகளின் வீட்டுப் படலையருகே சிறிது நேரம் நின்றதாக ஊரார் சொன்னார்கள். உள்ளே போனாரா என்று தெரியாது.

அதன்பின் ஒரு மாலை, தாளும் பேனையும் கொண்டுவந்து என் முன்னே வைத்து, தமிழில் ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டார். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி முதல் தாய்மார் தம் பிள்ளைகளின் படங்களோடு இருக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார், கடிதம் அவர்களுக்கு. சிப்பாய்களின் தாய்மார் வடக்கு நோக்கிப் போவது புதிதன்று. 1998இல் தம் மகனை இழந்த விசாகா தர்மதாச என்ற பெண்மணி, காணாமற் போன படைவீரரின் பெற்றோரைச் சேர்த்துச் சங்கம் அமைத்து, வன்னிக்கே சென்று புலிகளின் தலைவர்களைச் சந்தித்தவர். ஆனால் எங்கள் அம்மையார் எந்தச் சங்கத்திலும் சேர்ந்தவரல்லர். கெக்கிராவையிலிருந்து வடக்கே போகும் ஏ-9 வீதியில் மிகிந்தலைக்கு அப்பால் அவர் போனதுமில்லை.

அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மகனின் உயரம், இடது முழங்கையில் விளக்குச் சுட்ட தழும்பு, வலது மணிக்கட்டில் பிரித் நூல். துவக்கோடு உங்கள் ஊருக்கு வந்தவன் என்பதை நான் அறிவேன் என்று ஒரு வரி. இறுதியாக, "அவன் விழுந்த இடத்தை யாராவது கண்டீர்களா? கண்டிருந்தால், அவனுக்கு யாராவது தண்ணீர் கொடுத்தீர்களா?" என்று எழுதச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய எந்தக் கட்டுரைக்கும் அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. கிளிநொச்சியில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அதை அத்தாய்மாரிடம் கொண்டுபோய் வாசித்தார். ஒருவரும் எதையும் கண்டிருக்கவில்லை. ஒரு தாய் மட்டும், தன் மகனின் உயரத்தையும் அடையாளத்தையும் ஒரு தாளில் எழுதி, "அந்த அம்மாவின் ஊரில் ஓய்வுபெற்ற ஆமிக்காரர் இருப்பினம், கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ" என்று கொடுத்தனுப்பினார். அம்மையார் அத்தாளை மகனின் படத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

2021இல் எனக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைத்தது. அண்ணியின் வழக்கு, தவணைக்குமேல் தவணையாக, இப்போதுதான் முடியுந் தறுவாயில் இருக்கிறது.

2024ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் மீண்டுமொரு பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. முப்படைகளிலுமிருந்து ஓடியவர்கள் 15,000க்கு மேற்பட்டோர் அந்த ஒரு மாதத்தில் சட்டபூர்வமாக விலகினார்கள். செங்கற் சூளைக்காரரும் இம்முறை போனார். அவரைப் போக வைத்தது மன்னிப்பின்மீது வந்த நம்பிக்கையன்று. கடவுச்சீட்டு எடுக்கலாம், வெளிநாடு போகலாம் என்று ஒரு தரகர் ஆசை காட்டியிருக்கிறார். எந்த நாடு என்று கேட்டபோது ருஷியா என்றார். ருஷியப் படையில் சேர்க்கப்பட்ட இலங்கையர் 554 பேர் என்றும், அவர்களுள் 59 பேர் இறந்துவிட்டனர் என்றும் 2025இன் தொடக்கத்தில் அரசாங்கமே தெரிவித்தது. போனவர்களுள் முன்னாட் படையினர் பலர். அவர்களுடைய மனைவியர் இன்று சடலத்துக்கும் சம்பளத்துக்கும் எந்த நாட்டின் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்கின்றனர். நல்லவேளையாக, நம்மவரின் வயதைக் கேட்டதும் தரகர் கைவிட்டுவிட்டார்.

அவர் விலகற் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார். இருபத்தாறு ஆண்டுகளின் பின் இனிச் சாட்சி சொல்லத் தடையில்லை அல்லவா என்று கேட்டார். பிறகு, நான் கேளாமலே சொன்னார். பின்வாங்கும்போது அவனைக் கண்டிருக்கிறார். தொடையில் காயம், ஒரு வடலிப் பனையில் சாய்ந்திருந்தான், பெயர் சொல்லி அழைத்துத் தண்ணீர் கேட்டான். இவருடைய இடுப்பில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. இவர் நிற்கவில்லை.

"அம்மாவுக்குச் சொல்லட்டுமா, சேர்? சத்தியக் கடதாசியில் எழுதுவதென்றால் எவ்வளவு எழுதவேண்டும்?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டுக்கும் வழக்கம்போல் அம்மையார் தொலைபேசி எடுத்தார். மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார். பேத்திக்குக் கலியாணம் பேசுகிறார்களாம். மருமகள் வந்து சொல்லிவிட்டுப் போனாளாம். பின்பு, அண்ணியின் காணிக் காரியம் என்னவாயிற்று என்று விசாரித்தார். நான் அதைப் பற்றி மட்டும் சொன்னேன்.